எரிமேகமும் ஒரு பொய்த் தந்தியும்

பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர் ஒரே ஒரு பொய் சொன்னால் என்ன கூத்தெல்லாம் நடக்கும் என்று தெரிய வேண்டுமா? காரைக்கால் கோவில்பத்துச் சந்தனசாமியின் கதையைக் கேளுங்கள். முப்பத்தெட்டு வயது வரை அந்த மனிதர் வாயிலிருந்து ஒரு பொய் வந்ததில்லை. அடுப்பு சரியாக எரிகிறதா என்று மில் முதலாளி கேட்டால், எரியாத நாளில் எரியவில்லை என்றே சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்வார். அப்படிப்பட்டவர் 1976-ஆம் வருஷம் ஜூலை மாதக் கடைசியில், கல்லுக்குண்டாக நடமாடிக்கொண்டிருந்த பெற்ற தாயைச் சாகக் கிடக்கிறாள் என்று தந்தி அடித்தார். அதுவும் உள்ளூருக்கு அல்ல, உலகத்தின் அந்தப் பக்கத்துக்கு.

சந்தனசாமிக்கு வேலை அரவை மில்லில். காரைக்காலிலிருந்து திருநள்ளாறு போகிற சாலையில் இருந்தது அந்த மில். நெல்லை அவித்து, காயவைத்து, அரைத்துக் கொடுப்பார்கள். அவிக்க நீராவி வேண்டும், நீராவிக்குப் பாய்லர் வேண்டும், பாய்லருக்கு நெருப்பு வேண்டும். உமியை அள்ளிப் போட்டு அந்த நெருப்பை ஒரே சீராக வைத்திருப்பது அவர் பொறுப்பு. பதினெட்டு வயதில் அந்த அடுப்பு முன்னால் போய் நின்றவர், நகரவே இல்லை. கல்யாணம் ஏன் பண்ணிக்கொள்ளவில்லை என்று யாராவது வாயைக் கிளறினால், அப்புறம் பாய்லரை யார் பார்த்துக்கொள்வது என்று கேட்பார். சிரிக்காமல் கேட்பார், அதுதான் வேடிக்கை.

உமி எரிந்தால் மிஞ்சுவது சாம்பல். அது கொஞ்சநஞ்சமல்ல. காசியம்மா என்கிற பெண் அதை இரும்புக் கூடையில் வாரிக்கொண்டுபோய் மில்லுக்குப் பின்னால் கொட்டுவாள். நாளாக ஆகக் குவியல் ஓர் ஆள் உயரம், இரண்டு ஆள் உயரம் என்று ஏறிவிடும். மேலே தொட்டால் ஆறிப்போனது மாதிரி இருக்கும். உள்ளே ஒரு வாரம் ஆனாலும் கனன்றுகொண்டே கிடக்கும்.

ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள், சாம்பல் வாங்க வந்த வண்டிக்காரர்கள் அவசரத்தில் குவியலின் அடியை வெட்டிவிட்டார்கள். ஒரு பக்கம் முழுசாக உட்கார்ந்தது. மண் சரிந்தால் சரிந்த இடத்தில் கிடக்கும். இது கிடக்கவில்லை, ஓடியது. முழங்கால் உயரத்துக்குத் தரையோடு தரையாகத் தண்ணீர் மாதிரி ஓடி, களத்தைத் தாண்டி, வாய்க்காலைத் தாண்டி, அறுபது அடி தள்ளி அடுக்கியிருந்த சாக்குகளில் போய் முட்டித்தான் நின்றது. அதன் தலைக்கு மேலே சாம்பல் மூட்டமாக எழும்பி, மதிலைத் தாண்டி அடுத்த தோட்டத்தில் இறங்கியது. சாம்பல் வந்த திசையிலேயே நேரே ஓடின ஒரு வண்டிக்காரர் கால் வெந்து மூன்று மாதம் படுத்தார். பக்கவாட்டில் மேட்டுக்குத் தாவிய காசியம்மாவுக்கு ஒரு பொட்டுச் சூடு படவில்லை.

அன்றிலிருந்து மில்லில் ஒரு வழக்கம் வந்தது. சாம்பல் கொட்டப் போகிறவர் மேட்டுப் பக்கமாகப் போய் மேட்டுப் பக்கமாகத் திரும்ப வேண்டும். பள்ளப் பக்கத்தில் நிற்கக் கூடாது, பீடி பிடிக்கக் கூடாது, சோற்றுப் பாத்திரத்தைத் திறக்கக் கூடாது. மற்றவர்கள் இதோடு விட்டார்கள். சந்தனசாமி விடவில்லை. ஏன் ஓடியது, ஏன் ஓடியது என்று அடுப்படியில் உட்கார்ந்து மாதக்கணக்கில் யோசித்து, கடைசியில் தானாகவே பிடித்துவிட்டார். துகளுக்கும் துகளுக்கும் நடுவே சூடான காற்று மாட்டிக்கொண்டிருக்கிறது. குவியல் சரியும்போது அந்தக் காற்றுக்குச் சட்டென்று வெளியே போக வழியில்லை, ஆகவே துகள்களைத் தூக்கிப் பிடிக்கிறது. ஒன்றையொன்று உரசாத துகளுக்கு நிற்கத் தெரியாது. மொத்தத்தில் கனமானது என்பதால் மேலே கிளம்பாமல் பள்ளம் பார்த்துத் தரையோடு போகிறது. லேசான தூசி மட்டும் மேலே மூட்டமாகக் கூடவே போகிறது. பார்க்கிறவன் கண்ணுக்கு மூட்டம்தான் தெரியும். ஆளைக் கொல்வது அடியில் வருகிறது.

இந்த ஞானத்தால் யாருக்கு என்ன பிரயோசனம் என்று நீங்கள் கேட்கலாம். மில்லில் எல்லோரும் கேட்டார்கள்.

சந்தனசாமிக்கு ஒரே தங்கை, இசபெல்லா. பிரெஞ்சுக் குடியுரிமையை விடாமல் வைத்துக்கொண்ட காரைக்கால் குடும்பத்தில் மரியசெல்வம் என்கிற மாப்பிள்ளைக்குக் கட்டிக் கொடுத்தார்கள். அவர் பிரான்ஸ் தபால் இலாகாவில் வேலை பார்த்தவர். அவரை மேற்கிந்தியத் தீவுகளில் பிரான்சுக்குச் சொந்தமான குவாதலூப் என்கிற தீவுக்கு மாற்றினார்கள். சேன்-குளோது என்ற மலையடிவார ஊரில் வீடு, இரண்டு பெண் குழந்தைகள், வாசலில் செம்பருத்தி, ஒரு கார். நூறு வருஷத்துக்கு முன்னால் நம் ஊரிலிருந்து கரும்பு வெட்டக் கப்பலேறினவர்களின் வாரிசுகள் அங்கே இருக்கிறார்கள், தமிழ் ஒரு வார்த்தை தெரியாது, ஆனால் மாரியம்மனுக்குக் கிடா வெட்டுகிறார்கள் என்று இசபெல்லா எழுதுவாள். அவள் கடிதம் வந்தால் தாயார் ஞானமேரி அதை நாலு பேரை விட்டு நாலு தடவை படிக்கச் சொல்லிக் கேட்பார்.

அந்த ஜூலைக் கடைசியில் வந்த கடிதத்தைச் சந்தனசாமி அடுப்பு முன்னால் நின்றபடி படித்தார். எட்டாம் தேதி வீட்டுக்குப் பின்னால் இருக்கிற சூஃப்ரியேர் மலை புகை கக்கியதாம். பட்டப்பகலில் இருட்டிப்போய் விளக்கேற்றினார்களாம். கார் மேலெல்லாம் சாம்பலாம். பாதிப் பேர் ஊரைவிட்டு ஓடி, ஒரு வாரத்தில் அசடு வழியத் திரும்பி வந்தார்களாம். அப்புறம் இப்படி எழுதியிருந்தாள்: ‘எரிமேகம் வரும் என்று சிலர் பயமுறுத்துகிறார்கள். மேகம் என்றால் மேலேதானே போகும், அண்ணா? ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்துவிடுவோம். நெருப்புக் குழம்பு வந்தால் மெதுவாகத்தான் வருமாம். நடுவில் ஆழமான ஓடை வேறு இருக்கிறது, அது தடுத்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலே கார் இருக்கிறது. அம்மாவிடம் சொல்லிக் கலங்க வைக்காதே.’

சந்தனசாமி கடிதத்தை இன்னொரு தடவை படித்தார். மேகம் மேலே போகும், சரி. அடியில் என்ன போகும்? அன்றைக்கு நெருப்பைக் காசியம்மாவிடம் விட்டுவிட்டு, இருபது வருஷத்தில் முதல் தடவையாக மில்லை விட்டு நடுப்பகலில் கிளம்பினார்.

நேரே மாதா கோயில் பங்குச் சாமியாரிடம் போனார். சாமியாரின் அலமாரியில் பழைய பிரெஞ்சு மிஷன் பத்திரிகைகள் பைண்டு போட்டுக் கிடந்தன. குவாதலூப்புக்குப் பக்கத்துத் தீவான மார்த்தினிக்கில் 1902-இல் ஏதோ நடந்தது என்று சாமியாருக்கு ஞாபகம். தேடி எடுத்து, படித்துப் படித்துத் தமிழில் சொன்னார். சேன்-பியேர் என்ற துறைமுகப் பட்டணம். ஆண்டவர் விண்ணேறிய திருநாள், காலை எட்டு மணி. மலையிலிருந்து கரிய மேகம் ஒன்று தரையைத் தேய்த்துக்கொண்டு இறங்கியது. ஓரிரு நிமிஷத்தில் பட்டணம் முழுதும் போய்விட்டது, இருபத்தெட்டாயிரம் பேர். கடல்மேல் போய்த் துறைமுகத்தில் நின்ற கப்பல்களையும் எரித்தது. பட்டணத்துக்குள் பிழைத்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதில் ஒருவன் தடித்த சுவருக்குள் அடைபட்டிருந்த கைதி.

சந்தனசாமி ஒன்றே ஒன்றுதான் கேட்டார். “சாமி, அந்த ஊர்க்காரங்களும் ஓடை தடுத்துடும்னுதான் இருந்தாங்களா?”

சாமியார் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார். பள்ளத்தாக்குகள் இருப்பதால் பட்டணத்துக்கு ஆபத்தில்லை என்று பெரிய மனிதர்கள் கூடி எழுதிக் கொடுத்ததாகப் போட்டிருந்தது. அதை அவர் மெதுவாகப் படித்துச் சொன்னார்.

இனி என்ன செய்வது? கடிதம் போய்ச் சேர இரண்டு வாரம். போய்ச் சேர்ந்தாலும் இசபெல்லா கேட்கிற ஆள் இல்லை. உமிச் சாம்பலைப் பார்த்துவிட்டு அண்ணன் எரிமலைக்கு ஆரூடம் சொல்கிறார் என்று புருஷனிடம் படித்துக் காட்டிச் சிரிப்பாள். அந்த மலைக்குக் கீழே தன் தங்கையும் இரண்டு குழந்தைகளும் தூங்கி எழுகிறார்கள் என்பதைத் தவிர வேறு எதுவும் அவர் மண்டையில் ஏறவில்லை. தந்தி ஆபீசுக்கு சைக்கிளை மிதித்தார்.

அந்தக் காலத்தில் ஓர் ஆளை எங்கிருந்தாலும் கிளப்பிக்கொண்டு வரும் மந்திரம் ஒன்று நம் பக்கத்தில் உண்டு. பட்டாளத்தில் இருப்பவனுக்கு லீவு கிடைக்க வேண்டுமா, மலேயாவில் இருப்பவனைக் கல்யாணத்துக்கு வரவழைக்க வேண்டுமா, எல்லாவற்றுக்கும் ஒரே தந்திதான்: ‘மதர் சீரியஸ். ஸ்டார்ட் இமீடியட்லி.’ சந்தனசாமி அதைத்தான் எழுதி நீட்டினார்.

கவுண்டரில் முகைதீன் பிச்சை. நல்ல மனிதர், காது கொஞ்சம் மந்தம், ஆகவே குரல் உச்சம். தந்திப் படிவத்தை வாங்கினால் ஒவ்வொரு வார்த்தையாக உரக்கப் படித்து எண்ணுவது அவர் வழக்கம். எண்ணினார். ‘மதர்’ என்றார், ‘சீரியஸ்’ என்றார், அப்புறம்தான் அது யாருடைய மதர் என்று பார்த்துக் கண்ணாடியைக் கழற்றினார். பின்னால் வரிசையில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். அதில் மூன்று பேர் கோவில்பத்து. சந்தனசாமிக்கு இதெல்லாம் உறைக்கவே இல்லை; பொய் சொல்லிப் பழக்கமிருந்தால்தானே உறைக்கும்.

அவர் மில்லுக்குப் போய் அடுப்பைக் கவனித்துவிட்டு வீடு திரும்பும்போது வாசலில் கூட்டம். பன்னும் ஆரஞ்சுப் பழமும் ஹார்லிக்ஸ் பாட்டிலுமாக முப்பது பேர். நாலைந்து பெண்கள் தெருமுனையிலேயே ஒப்பாரியைத் தொடங்கிவிட்டு வந்து, வாசலில் அதை எப்படி முடிப்பது என்று தெரியாமல் நின்றார்கள். ஏனென்றால் சாகக் கிடக்கிற ஞானமேரி கையில் தொரட்டியோடு முருங்கைக் கிளையை வளைத்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் கலைந்ததும் தாயார் தொரட்டியைக் கீழே வைக்காமலே மகனைப் பார்த்தார்.

“என்னை எதுக்குடா சாவடிச்ச?”

சந்தனசாமி எல்லாவற்றையும் சொன்னார். கடிதம், மலை, எரிமேகம், சேன்-பியேர், ஓடை. மில்லில் வண்டிக்காரர் கால் வெந்த கதை ஞானமேரிக்கு ஏற்கெனவே தெரியும். அந்த மனிதருக்குப் பத்திய சமையல் செய்து அனுப்பியவரே அவர்தான். ஆகவே விளக்கம் அதிகம் தேவைப்படவில்லை. பிறகு தொரட்டியைச் சுவரில் சாத்தினார்.

“பாயை எடுத்துப் போடு. நான் நல்லா இருக்கேன்னு எவளாவது இசபெல்லாவுக்குக் கடுதாசி போட்டுத் தொலைக்கப் போறா.”

அப்படியே படுத்துவிட்டார். என்ன பொம்பளை பாருங்கள்! வாழ்க்கையில் பகலில் முதுகைச் சாய்த்தறியாதவர், மகள் வந்து சேரும்வரை எழுந்திருப்பதில்லை என்று தீர்மானம் பண்ணிக்கொண்டார். முதல் இரண்டு நாள் கஷ்டமாக இருந்தது. மூன்றாம் நாளிலிருந்து அவருக்கே பிடித்துப்போயிற்று. பார்க்க வருகிறவர்கள் ஊர்ச் சங்கதி அத்தனையும் கொண்டுவந்தார்கள்; ஹார்லிக்ஸ் மூன்று பாட்டில் காலி. ஆள் போன பிறகு எழுந்து உட்கார்ந்து நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு ஊற்றி இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டுவிட்டு, மறுபடி முனகத் தொடங்குவார்.

நாலாம் நாள் சாமியாரே, சாகக் கிடப்பவர்களுக்குச் செய்யும் அவஸ்தைபூசுதலுக்கு எண்ணெயோடு வந்துவிட்டார். சாமியாரிடம் நடிக்க ஞானமேரிக்கு மனசு வரவில்லை. எழுந்து உட்கார்ந்து, எண்ணெயை வீணாக்க வேண்டாம் என்று சொல்லி, மகனைக் காட்டிக் கொடுத்துவிட்டார். சாமியார் சந்தனசாமியை முறைத்தார். பத்திரிகையைப் படித்துக் காட்டியது தாம்தான் என்பது நினைவுக்கு வர, முறைப்பு நிலைக்கவில்லை. உடனே பாவத்தை ஒப்புக்கொண்டு பாவசங்கீர்த்தனம் பண்ணிவிடுகிறேன் என்று சந்தனசாமி முழங்காலிட்டார்.

“இப்ப வேணாம்ப்பா. இப்பப் பண்ணினா, பாவத்துக்காக வருந்துற மனஸ்தாபமே உனக்கு இருக்காது. தங்கச்சி வந்து சேரட்டும், அப்புறமா வா” என்றார் சாமியார்.

ஆனால் மாப்பிள்ளை மரியசெல்வம் லேசுப்பட்டவர் அல்ல. தபால் இலாகாக்காரர், தந்தியில் எத்தனை விதமாகப் பொய் வரும் என்று அறிந்தவர். பதில் தந்தி வந்தது: என்ன நோய், எந்த டாக்டர்? சந்தனசாமி அதைத் தாயாரிடம் கொண்டுவந்து படித்துக் காட்டினார். முதல் பொய்யே அவருக்குப் பெரும்பாடு. அதற்கு மேல் ஒரு நோயையும் ஒரு டாக்டரையும் உண்டாக்க அவரால் ஆகுமா? தாயார் படுத்தபடியே சொன்னார்.

“நோயும் வேணாம், டாக்டரும் வேணாம். ஒன்பது வருசமாச்சு, அம்மாவுக்கு உன் மொகத்தப் பாக்கணுமாம்னு போடு. அது பொய் இல்லையே.”

அதைச் சொல்லும்போது அவர் முனகவில்லை. சந்தனசாமி அந்த வார்த்தைகளையே தந்தியாக அடித்தார்.

ஆகஸ்டு ஒன்பதாம் தேதி மத்தியானம் மாயவரத்திலிருந்து ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. இசபெல்லா இறங்கினாள். கண் வீங்கி, முகம் வெளிறி, இரண்டு கையிலும் இரண்டு பெண்கள். கூடவே மரியசெல்வம் இல்லை, அவருக்கு லீவு கிடைக்கவில்லை. தாயாருக்கு அதற்கு மேல் படுத்திருக்கத் தெரியவில்லை. பாயிலிருந்து துள்ளி எழுந்து ஓடிவந்து, பேத்திகளை இரண்டு இடுப்பிலும் தூக்கிக்கொண்டார். இசபெல்லா வாசற்படியில் அப்படியே நின்றாள். அம்மாவைப் பார்த்தாள், காலி ஹார்லிக்ஸ் பாட்டில்களைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள்.

“பாரீஸ்ல ஆறு மணி நேரம் உக்காந்திருந்தேன்ணே. அம்மா மொகத்தக் கடைசியா ஒரு தரம் பாக்க முடியுமா முடியாதான்னு அழுதுகிட்டே உக்காந்திருந்தேன்.”

சந்தனசாமிக்குப் பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. காரணத்தைச் சொன்னார். சொல்லாமலே இருந்திருக்கலாம். உமிச் சாம்பலுக்காகவா என்னைக் கடல் தாண்டி இழுத்தாய் என்று அவள் அழுகை கோபமாகத் திரும்பியது. அடுத்த வாரமே திரும்பிப் போகிறேன் என்றாள். அண்ணனோடு பேச்சு நின்றது. சோறு போடுவாள், தட்டை நகர்த்துவாள், முகத்தைப் பார்க்க மாட்டாள்.

இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தார். மூன்றாம் நாள், என்னோடு ஒரே ஒரு தரம் மில்லுக்கு வா, அதற்குப் பிறகும் போக வேண்டுமென்றால் நானே டிக்கெட்டுக்கு அலைகிறேன் என்றார். தாயாரின் பிடிவாதத்தால்தான் இசபெல்லா கிளம்பினாள்.

மில்லின் பின்பக்கம் குவியல் இரண்டு ஆள் உயரம் நின்றது. காசியம்மா பள்ளப் பக்கத்தில் ஆளோ ஆடோ இல்லை என்று பார்த்துவிட்டு வந்து, இசபெல்லாவின் கையைப் பிடித்து மேட்டில் நிறுத்தினாள். களத்துக்கு நடுவே வாய்க்கால். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் சந்தனசாமி ஒரு காய்ந்த தென்னை மட்டையை நட்டு வைத்திருந்தார். அது எதற்கு என்று இசபெல்லா காசியம்மாவைக் கேட்டாள். அதுதான் உங்கள் வீடாம் என்றாள் காசியம்மா. அவ்வளவு தூரத்துக்கு எங்கே வரும், நடுவில் வாய்க்கால் தடுத்துவிடும் என்று இசபெல்லா சொல்லிக்கொண்டிருக்கும்போதே சந்தனசாமி பக்கவாட்டிலிருந்து நீளமான இரும்புக் கொக்கியால் குவியலின் அடியைப் பறித்தார்.

குவியல் பெருமூச்சு விட்டது. பிறகு ஓடியது. சத்தமே இல்லை, அதுதான் இசபெல்லாவைக் குலைத்துப் போட்டது. களத்தில் வழுக்கிக்கொண்டு போய், வாய்க்காலில் விழுந்து நிறையும் என்று பார்த்தால், விழுந்தது கொஞ்சம், தாண்டியது மிச்சம். மேலே போன மூட்டம் வாய்க்காலைக் கவனிக்கவே இல்லை. அவள் சொல்ல வந்த வாக்கியம் முடிவதற்குள் தென்னை மட்டை அடியில் கருகிப் புகைந்துகொண்டிருந்தது. மில்லே உமியின் வாசனையில் கப்பென்று அடைத்துக்கொண்டது.

இசபெல்லா மேட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். சந்தனசாமி பக்கத்தில் வந்து நின்றார்.

“இது வெறும் உமிச் சாம்பல் பாப்பா. மலையில வர்றது பாறைத் தூளும் கல்லும். அதுக்கு நடுவுல இருக்குற காத்து நம்ம அடுப்பு மாதிரி கொதிக்கும். எறங்குறதுன்னா ரயில விட வேகமா எறங்கும். நீ கார் சாவியத் தேடுறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும். வந்த பெறகு ஓட முடியாது. வர்றதுக்கு முன்னாடி அங்க இல்லாம இருக்கணும், அவ்வளவுதான்.”

அவள் புகைகிற மட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் சொன்னாள். “அண்ணே, அவரு அங்க இருக்காரே.”

மூன்று நாளில் அண்ணனிடம் பேசிய முதல் பேச்சு அது. இருவரும் தந்தி ஆபீசுக்கு விரைந்தார்கள். இசபெல்லா படிவத்தை வாங்கி, ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் எழுதினாள்: ‘ஒய்ஃப் சீரியஸ். ஸ்டார்ட் இமீடியட்லி.’ முகைதீன் பிச்சை அதை வாங்கி வழக்கம்போல உரக்கப் படிக்கத் தொடங்கி, நடுவில் நிறுத்தி, எதிரே குத்துக்கல்லாக நின்ற ஒய்ஃபை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஏன் சந்தனசாமி, உங்க வீட்டுல யாருதாங்க நல்லா இருக்கீங்க?”

மறுநாள் வாசலில் மறுபடி பன்னும் ஆரஞ்சும். இந்தத் தடவை அதை வாங்கி வைப்பதற்கு ஞானமேரியே கூடையோடு நின்றார். அழ வந்தவர்களுக்கு மோர் கொடுத்து அனுப்பினார். குழந்தைகள் இரண்டும் ஊர் முழுதும் தங்களைப் பார்க்கத்தான் வருகிறது என்று நினைத்துக்கொண்டு ஆளுக்கு ஒரு முத்தம் கொடுத்தன.

ஆனால் அடுத்து வந்த நாலைந்து நாளும் வீட்டுக்குள் யாருக்கும் சோறு இறங்கவில்லை. மாப்பிள்ளையிடமிருந்து பதிலே இல்லை. கோயிலில் ஆகஸ்டு பதினைந்துத் திருவிழா. தேர் வீட்டு வழியே போனபோது இசபெல்லா தேரைப் பார்க்கவில்லை, சைக்கிள் மணி கேட்கிறதா என்று தெருக்கோடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதினேழாம் தேதி தந்தி வந்தது. மலை வெடிக்கும் என்று பயந்து, பதினைந்தாம் தேதி சர்க்கார் மலையைச் சுற்றியிருந்த எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கிளப்பிவிட்டதாம். மரியசெல்வம் தீவின் மறுபக்கத்தில், மலைக்கு எட்டாத தூரத்தில் பத்திரம். கடைசியில், இசபெல்லா பிழைத்துக்கொள்வாளா என்று கேட்டிருந்தார். அவள் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள், சிரித்தபடியே அண்ணன் தோளில் முகம் புதைத்து அழுதாள். அன்று சாயங்காலம் ஞானமேரி சமைத்த வஞ்சிரக் குழம்பைத் தெருவே சாப்பிட்டது. சந்தனசாமி கோயிலுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனமும் பண்ணிவிட்டு வந்தார். மனஸ்தாபம் இருக்கிறதா என்று சாமியார் கேட்டாராம். அம்மாவைப் பற்றிச் சொன்னதற்கு இருக்கிறது, தங்கச்சியை அழ வைத்ததற்கு ரொம்ப இருக்கிறது, தந்தி அடித்ததற்கு இல்லை சாமி என்றாராம். இந்த மனிதரால் பாவசங்கீர்த்தனத்தில்கூடப் பொய் சொல்ல முடியவில்லை.

இங்கேயே கதை முடிந்திருந்தால் அவருக்கு ஊரில் சிலை வைத்திருப்பார்கள். அந்த மலை விட்டதா? செப்டம்பர் போயிற்று, அக்டோபர் போயிற்று. மலை புகைந்தது, உறுமியது, சாம்பலைத் துப்பியது. எரிமேகம் மட்டும் வரவில்லை. டிசம்பருக்குள் எல்லோரையும் வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இசபெல்லாவின் வீட்டில் ஒரு ஓடுகூட நகரவில்லை. செம்பருத்தி மட்டும் தண்ணீரில்லாமல் காய்ந்திருந்தது. அவ்வளவுதான், காரைக்கால் டீக்கடைகளுக்குத் தீனி கிடைத்தது. சந்தனசாமிக்குச் ‘சாம்பல் ஜோசியர்’ என்று பெயர் வைத்தார்கள். பஸ் ஸ்டாண்டில் நின்றால், பஸ் வருமா வராதா என்று சாம்பலைப் பார்த்துச் சொல்லுங்கள் என்பார்கள்.

ஜனவரியில் இசபெல்லா கிளம்பினாள். பஸ் ஸ்டாண்டில் அந்தக் கிண்டலை அவளும் கேட்டாள், முகம் சுண்டிப்போயிற்று. “நெசமாவே வெடிச்சிருந்தா, நீ சொன்னதுதான் சரின்னு இவங்கல்லாம் கையெடுத்துக் கும்பிட்டிருப்பாங்கண்ணே” என்றாள்.

சந்தனசாமிக்குக் கோபம் வந்தது. தங்கை மேல் அவர் கோபப்பட்டதை அன்றுதான் எல்லோரும் பார்த்தார்கள்.

“நான் சரின்னு ஆவுறதுக்கு உன் வீடு எரியணுமா? அந்த ஊர் ஜனமெல்லாம் சாவணுமா? நான் தோத்துப் போனதுதான்டி சந்தோஷம். வருசா வருசம் தோத்துட்டேன்னு எழுது, போதும்.”

எழுதினாள். ஒவ்வொரு வருஷமும் ஜூலையில் எழுதினாள், ஒரு வருஷம்கூடத் தவறவில்லை. 1980-இல் அமெரிக்காவில் செயின்ட் ஹெலன்ஸ் மலை வெடித்து, சாம்பல் மேகம் தரையோடு புரண்டு காட்டையே சாய்த்த படம் பேப்பரில் வந்தபோது, டீக்கடைக்காரர்கள் அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, அடியில் என்ன ஓடுகிறது என்று மரியாதையாகக் கேட்டார்கள். அவர் அந்தப் படத்தைப் பார்த்தார். எத்தனை பேர் செத்தார்கள் என்று மட்டும் கேட்டார். ஐம்பத்து சொச்சம் என்றார்கள். டீயைக் குடிக்காமல் எழுந்து போய்விட்டார்.

ஆனால் இசபெல்லாவின் கடிதம் வருகிற நாளில் அவரைப் பார்க்க வேண்டும். 1986-இல் வந்த கடிதத்தைத் தபால்காரர் மில்லுக்கே கொண்டுவந்து கொடுத்தார். பத்தாவது கடிதம். தலைமுடி நரைத்து, அடுப்பு வெக்கையில் கண்ணும் மங்கிப்போன சந்தனசாமி அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து முதல் வரியைப் படித்தார்: ‘அன்புள்ள அண்ணாவுக்கு, மலை சும்மா இருக்கிறது, பெரியவளைப் பெண் பார்க்க வருகிறார்கள், இந்த வருஷமும் நீ தோற்றுவிட்டாய்.’ அவர் உமிக் கூடையைக் கீழே போட்டுவிட்டு, மேட்டுப் பக்கமாகவே பின்கட்டுக்கு ஓடி, சாம்பல் கொட்டிக்கொண்டிருந்த காசியம்மாவிடமும், களத்தில் நெல் கிண்டிக்கொண்டிருந்தவர்களிடமும், மதிலுக்கு அந்தப் பக்கத்துத் தோட்டக்காரரிடமும் கேட்கும்படி கத்தினார்.

“தோத்துட்டேன்! இந்த வருசமும் தோத்துட்டேன்! எல்லாரும் வாங்க, டீ என் செலவு!”